சிங்கப்பூரில் தனியாக ஒரு தீபாவளி

சிங்கப்பூரில் தீபாவளிக்கு ஒரே நாள்தான் பொது விடுமுறை. 2024இல் அது வியாழக்கிழமை, மறுநாள் வேலை. கடற்பால நெரிசலைத் தாண்டி ஈப்போ வந்து அன்றிரவே திரும்புவது நடக்கிற காரியமா? நம் பேராக் பிள்ளைகள் பலர் வாடகை அறையிலேயே தங்கிவிடுகிறார்கள்.

தங்கினாலும் முடங்கிக் கிடக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு சிராங்கூன் சாலைக்குப் போங்கள். வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில் இரண்டும் அங்கேதான். தோட்டத்து வீட்டில் அம்மா முன்னோருக்குப் படைக்கும் நேரத்தைக் கேட்டு வைத்து, அப்போது காணொலியில் அழையுங்கள். புலனத்தில் அனுப்பும் வாழ்த்துப் படத்தைவிட அவர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு, திங்களும் விடுமுறை. பேருந்து டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.