பட்டனைத் தட்டினால் திறக்கும் மடக்குக் கத்தி: கடலோர விவசாயிக்கு உதவுமா?

உர மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயை அளவாக நறுக்க வேண்டும். தர்பூசணியைக் காம்போடு வெட்ட வேண்டும். கன்றின் கழுத்துக் கயிறு சிக்கிக்கொண்டால் உடனே அறுக்க வேண்டும். இப்படி ஒரு நாளில் பல தடவை சின்னக் கத்தி தேவைப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அரிவாளைத் தேடி மோட்டார் கொட்டகைக்கு நடக்க முடியாது. அதனால்தான் மடக்குக் கத்தி ஒன்றைக் கூடவே வைத்திருப்பது நம்மில் பலருக்கும் பழக்கம்.

இப்போது அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு கத்தி வருகிறது. பட்டனைத் தட்டினால் 'சடக்' என்று தானாகவே திறந்துகொள்ளும். வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர் பரிசாகத் தருகிறார், அல்லது பையன் செல்போனில் பார்த்து ஆர்டர் போடுகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதுராந்தகம் வயலிலும் மாமல்லபுரம் கடற்கரைச் சவுக்குத் தோப்பிலும் தினமும் புழங்க அது ஏற்றதா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை.

எப்படித் திறக்கிறது?

பொதுவாக மூன்று வகைகள் உண்டு.

முதல் வகையில், அலகு (பிளேடு) கைப்பிடியின் பக்கவாட்டில் இருந்து சுழன்று வரும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் அலகை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டனோடு சேர்ந்த ஒரு சிறு முளைதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. பட்டனை அழுத்தினால் முளை விலகும், அலகு பாயும். திறந்த பிறகு அதே முளை அலகை லாக் செய்துவிடும்.

இரண்டாவது வகையில், அலகு கைப்பிடியின் முனையில் இருந்து நேராக வெளியே வரும். இதற்குள் நகரும் பாகங்கள் அதிகம்.

மூன்றாவது, பாதித் தானியங்கி. நாம் கட்டைவிரலால் கொஞ்சம் தள்ளிய பிறகுதான் ஸ்பிரிங் மீதியைத் திறக்கும். மூடியிருக்கும்போது ஸ்பிரிங் அலகை மூடிய நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். தானாகத் திறக்கும் ஆபத்து இதில் குறைவு.

உண்மையான நன்மை ஒன்றே

ஒரே கையால் திறக்கலாம் என்பதுதான் அந்த நன்மை. இதை லேசாக எண்ண வேண்டாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஓர் இரவில் ஒரு கையில் டார்ச்லைட், மறு கையில் மிரண்ட மாட்டின் கயிறு என்றால், நகத்தை வைத்து இழுத்துத் திறக்கும் பழைய பேனாக்கத்தியால் பயனில்லை.

ஆனால் ஒரே கையால் திறக்க ஸ்பிரிங் அவசியம் இல்லை. அலகின் மேல் கட்டைவிரல் வைக்கச் சிறு குமிழோ துளையோ உள்ள சாதாரண மடக்குக் கத்தியும் ஒரே கையால் திறக்கும். பட்டன் கத்தியைவிட அரை நொடி தாமதம் ஆகலாம், அவ்வளவுதான். அந்த அரை நொடிக்காக நாம் எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று பார்ப்போம்.

மடியில் செருகும் பழக்கம்

இதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. பட்டன் கத்திகள் பேண்ட் பாக்கெட்டில் கிளிப் போட்டு மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. நாம் லுங்கி, வேட்டி மடியில் செருகுகிறோம். அதோடு குனிந்து நாற்று நடுகிறோம், களை எடுக்கிறோம், மூட்டையை இடுப்பில் அணைத்துத் தூக்குகிறோம். பட்டன் அழுந்தினால் அலகு திறக்கும் இடம் அடிவயிறும் தொடையும்தான். தொடையின் உட்பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே ஆழமாக வெட்டுப்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சில கத்திகளில் பட்டன் அழுந்தாமல் தடுக்கத் தனியாக ஒரு பூட்டு இருக்கும். அது இல்லாத கத்தியை வாங்கவே வேண்டாம். பூட்டு இருந்தாலும் மடியில் செருக வேண்டாம். கயிறு கோத்த தோல் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சாதாரண மடக்குக் கத்தியைத் திறக்கச் சின்னப் பிள்ளைக்குப் பலம் போதாமல் போகலாம். பட்டனை அழுத்த ஒரு விரல் போதும்.

மணலும் உப்புக்காற்றும்

கோவளத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் வரை கடலை ஒட்டியுள்ள நிலம் மணற்பாங்கானது. கத்தியின் இடுக்கில் நாலு மணல் புகுந்தாலே பட்டன் கத்தி பாதியில் நிற்கும், அல்லது லாக் சரியாக விழாது. திறந்தது போலத் தெரியும், ஆனால் அழுத்தி வெட்டும்போது விரல் மேல் மடங்கும். நேராகப் பாயும் வகைக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சாதாரண மடக்குக் கத்தியில் மணல் புகுந்தால் 'கரகர' என்று கையிலேயே தெரிந்துவிடும், கழுவிக்கொள்ளலாம்.

அடுத்தது உப்பு. துருப்பிடிக்காத எஃகில் உள்ள குரோமியம், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கும். கடல் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்து, ஊசி குத்தியது போலக் குழி விழச் செய்யும். துருப்பிடிக்காது என்று எழுதியிருந்தாலும் கடலோரத்தில் முழுதாக நம்ப முடியாது. அலகுக்கு நல்ல எஃகு போட்டுவிட்டு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் திருகையும் மட்டமாகப் போட்டிருந்தால், முதலில் துருப்பிடிப்பது அவைதான். ஸ்பிரிங் போனால் பட்டன் கத்தி வெறும் இரும்புத் துண்டு. அதே அளவு ஸ்பிரிங் உள்ளூரில் கிடைப்பதும் அரிது.

எந்த எஃகு நல்லது?

அலகில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள்.

• 420, 3சிஆர்13 வகை: கார்பன் குறைவு. துருவை நன்றாகத் தாங்கும், கூர்மை சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல்லில் எளிதாகத் தீட்டலாம்.

• 8சிஆர்13எம்ஓவி, 440சி வகை: கூர்மை கூடுதல் நாள் நிற்கும், துருவையும் ஓரளவு தாங்கும். நமக்கு ஏற்ற நடுத்தரம்.

• டி2 வகை: கூர்மை நெடுநாள் நிற்கும். இதில் 12 சதவீத அளவில் குரோமியம் இருந்தாலும் அதில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்துவிடுவதால் கடலோரத்தில் துருப்பிடிக்கும். தீட்டுவதும் கடினம்.

• லாரிப் பட்டையில் இருந்து நம்மூர்க் கொல்லர் அடித்துத் தரும் கத்தி: வளைந்தாலும் உடையாது, நன்றாகத் தீட்டலாம். துடைத்து எண்ணெய் போடாவிட்டால் ஒரே இரவில் சிவந்துவிடும்.

எஃகின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, பதமும் வேண்டும். மாமல்லபுரம் சிற்பிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கல்லில் மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றுவார்கள். பதம் கூடினால் முனை சில்லாகத் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். கத்திக்கும் இதே கணக்குதான். அலகில் எந்த எழுத்தும் இல்லாமல் பளபளப்பு மட்டும் உள்ள கத்தியை ஒதுக்கிவிடுங்கள்.

வாங்கும் முன் ஐந்து சோதனை

1. லாக்: அலகைத் திறந்து, அது மடங்கும் பாதையில் விரல் இல்லாமல் கைப்பிடியைப் பிடியுங்கள். அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் மடங்கினாலும் வேண்டாம்.

2. ஆட்டம்: அலகைத் துணியால் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசையுங்கள். புதிதிலேயே ஆடினால் ஒரு பருவம் தாங்காது.

3. பட்டன் பூட்டு: பூட்டைப் போட்டுவிட்டு, கத்தியைத் தடித்த துணியில் சுற்றிப் பட்டனைப் பல தடவை பலமாக அழுத்துங்கள். ஒரு தடவை திறந்தாலும் அது ஆபத்தான கத்தி. பூட்டு துணியில் உரசித் தானாக விலகுகிறதா என்றும் பாருங்கள்.

4. பிடி: கையைச் சோப்பு நீரில் நனைத்துப் பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் சேற்றிலும் வழுக்கும். கை விரல் அலகுக்கு நழுவாமல் தடுக்கும் மேடு இருப்பது நல்லது.

5. வெட்டு: தேங்காய் நார்க் கயிற்றை 20 தடவை அறுங்கள். பிறகு ஒரு செய்தித்தாளை வெட்டுங்கள். சுத்தமாக வெட்டினால் எஃகும் பதமும் சரி. கிழித்தால் மழுங்கிவிட்டது என்று பொருள்.

இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முதல் நான்கையும் செய்து பார்த்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்துள்ளன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நம் அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் அந்த விலக்குதான் துணை. 3 அங்குல மடக்குக் கத்தி இந்த அளவுக்கு வெகு கீழே இருக்கிறது.

பட்டன் கத்தியைச் சில இடங்களில் தனியாகப் பார்க்கிறார்கள். தில்லியில் 1980-ல் வந்த அறிவிக்கையின்படி, ஸ்பிரிங்காலோ பட்டனாலோ திறக்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் இருந்தால் அது ஆயுதச் சட்டத்துக்குள் வரும். பிரிட்டனில் இவ்வகைக் கத்தியின் விற்பனை 1959-லேயே தடை செய்யப்பட்டது. சிங்கப்பூரிலும் தடை உண்டு. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும்போது இதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எந்தக் கத்தியாக இருந்தாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது.

வயலில் இருக்கும்வரை கத்தி ஒரு கருவி. அதே கத்தி திருவிழாக் கூட்டத்திலோ பஸ் நிலையத்திலோ இடுப்பில் இருந்தால் போலீஸ் கேள்வி கேட்கும். பட்டன் கத்தி என்றால் கேள்வி கூடும். வேலை முடிந்ததும் கொட்டகையிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பராமரிப்பு

• உப்பு பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலோர போர் தண்ணீரே உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை.

• நன்றாகத் துடைத்து, சுழலும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கிரீஸ் போட்டால் மணல் ஒட்டும். பழம் நறுக்கும் கத்தி என்றால் அலகில் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

• தீட்டும்போது அலகுக்கும் கல்லுக்கும் இடையே சுமார் 20 டிகிரி சாய்வு வேண்டும். ஒரு தாளின் மூலையை ஒரு முறை மடித்தால் 45 டிகிரி. இன்னொரு முறை மடித்தால் ஏறக்குறைய நமக்கு வேண்டிய சாய்வு கிடைத்துவிடும்.

• மின்சார சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். சூட்டில் அலகின் ஓரம் நீலமாக மாறினால் பதம் போய்விட்டது என்று பொருள்.

செடிக்கும் உயிருக்கும்

தக்காளி, மிளகாயில் சில தேமல் வைரஸ்கள் சாறு மூலம் கையிலும் கத்தியிலும் பரவும். நோய்ச் செடியை வெட்டிய கத்தியால் அடுத்த செடியைத் தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்தெடுங்கள். அந்தத் திரவமும் துருவைக் கிளப்பும் என்பதால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். ஸ்பிரிங் உள்ள கத்தியில் இப்படி நனைத்தெடுப்பது சிரமம். இந்த வேலைக்கு மடக்காத சின்னக் கத்தியே நல்லது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பாம்பு கடித்தால் கடிவாயைக் கத்தியால் கீறக் கூடாது. கீறினால் விஷம் வெளியே வராது. ரத்தப்போக்கும் சீழும்தான் மிஞ்சும், கண்ணாடிவிரியன் கடியில் ரத்தம் உறையாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துத் தருகிறது. அதில் இருந்து தயாராகும் விஷமுறிவு மருந்துதான் உயிரைக் காக்கும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், இறுக்கிக் கட்டாமல், மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு 108-ஐ அழையுங்கள். கத்தி உறையிலேயே இருக்கட்டும்.

எதை வாங்கலாம்?

தினசரி வயல் வேலைக்கு, 3 அங்குல அலகு, உறுதியான லாக், கட்டைவிரலால் திறக்கும் குமிழ், பிரித்துச் சுத்தம் செய்யக்கூடிய கைப்பிடி உள்ள சாதாரண மடக்குக் கத்தியே போதும். புயல், வெள்ளத்தில் கயிறு அறுக்கவும் படகிலும் பயன்படுத்தவும், உறையில் இருந்து உருவியதும் வெட்டும் மடக்காத சிறு கத்திதான் சிறந்தது. அதில் திறக்க எதுவும் இல்லை, அடைத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை.

ஒரு கை சரியாக இயங்காதவர்களுக்குப் பட்டன் கத்தி உண்மையிலேயே உதவும். அவர்கள் பட்டன் பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்கி, உறையில் போட்டுப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல சாதாரணக் கத்தியும் ஒரு சாணைக்கல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசாக வந்த பட்டன் கத்தி ஏற்கனவே கையில் இருக்கிறதா? மேலே சொன்ன மூன்றாவது சோதனையை இன்றே செய்து பாருங்கள். தேறாவிட்டால் இனி அதை மடியில் வைக்காதீர்கள்.