கடல் கடந்தாலும் மாத்திரை நிற்கக் கூடாது!

பையனுக்கு விசா வந்தாச்சு. இட்லி மிளகாய்ப்பொடி, மாவடு, குக்கர் எல்லாம் பெட்டியில் ஏறியாச்சு. ராத்திரி தூங்கப் போகுமுன் அவன் போடுகிற அந்த ஒரு மாத்திரையைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. மூன்று மாதத்துக்கு வாங்கி, சட்டைகளுக்கு நடுவே செருகிவிடுகிறார்கள். சரி, நான்காவது மாதம் என்ன செய்வான்?

அங்கே டாக்டர் ஃபீஸைக் கேட்டு மலைத்துப் போகிறான். கையில் இருக்கிறதை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறான். அப்புறம் பாதியாக உடைத்துப் போடுகிறான். கடைசியில், 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்தியே விடுகிறான்.

மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடம்பில் ஷாக் அடித்தாற்போன்ற உணர்வு வரலாம். அதைவிடப் பெரிய தொல்லை, பழைய நோய் திரும்புவது. அது சில வாரமோ சில மாதமோ கழித்து, மெல்ல மெல்ல வரும். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற அம்மா அங்கே பக்கத்தில் இல்லை.

நான் சித்த வைத்தியன். 'இதுக்குப் பதிலா ஒரு லேகியம் குடுங்க, பார்சல்ல அனுப்பிடறோம்' என்று கேட்டு வருகிற பெற்றோர் உண்டு. நான் கொடுப்பதில்லை. எங்கள் நூல்கள் மனநோய்களைக் கிரிகை என்ற பெயரில் பதினெட்டு வகையாகச் சொல்கின்றன. சிகிச்சையும் சொல்கின்றன. ஆனால் அது நோயாளியை எதிரே உட்கார வைத்து, நாடி பார்த்துச் செய்கிற வைத்தியம். ஒரு மருந்தில் நிலையாக இருப்பவரை, காசு மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காகக் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு மாற்றுவது வைத்தியம் ஆகாது. இருக்கிற மருந்தையே மலிவாகப் பெற வழி பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மாத்திரை மலிவு, சீட்டுதான் விலை

அமெரிக்காவில் நம் ஊர் டாக்டர் எழுதிய சீட்டு மருந்துக்கடையில் செல்லாது. அங்குள்ள டாக்டர்தான் எழுத வேண்டும். பெரும்பாலும் செலவு பிடிப்பது அந்தச் சந்திப்புதான். பழைய மருந்துகள் பலவும் பொதுப்பெயரில் மலிவாகவே கிடைக்கின்றன. வால்மார்ட் 2006-ல் ஒரு மாத மருந்து 4 டாலர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2022-ல் தொடங்கிய காஸ்ட் பிளஸ் டிரக்ஸ், உற்பத்தி விலையின் மேல் 15 சதவீதமும் கடைக் கட்டணமும் தபால் செலவும் மட்டுமே வைத்து விற்கிறது. சில சமயம் இன்ஷூரன்ஸில் வாங்குவதைவிட, தள்ளுபடிக் கூப்பனோடு ரொக்கமாக வாங்குவது குறைவாக இருக்கும். இரண்டு விலையையும் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

டாக்டர் செலவைக் குறைக்க, மாணவர்கள் முதலில் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். வருமானத்துக்குத் தகுந்தாற்போல் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார நிலையங்களும் உண்டு. உடல்நிலை சீராக இருந்தால் 90 நாளுக்குச் சேர்த்து எழுதித் தரும்படி கேட்கலாம்.

இங்கிலாந்து போகிறவர்களுக்குக் கவலை குறைவு. விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியவர்கள் அரசு மருத்துவ சேவையில் பார்த்துக்கொள்ளலாம். போனவுடன் வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 2024 மே முதல் 9 பவுண்ட் 90 பென்ஸ். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மருந்துக்குக் கட்டணமே இல்லை.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இன்ஷூரன்ஸ் தாளைப் படிக்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2025 ஜனவரி முதல் எல்லா எமிரேட்டிலும் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் மனநல மருந்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

பெயரில்தான் சூட்சுமம்

நம் ஊரில் 'நெக்சிட்டோ' என்று வாங்குவது அமெரிக்காவில் 'லெக்சாப்ரோ', இங்கிலாந்தில் 'சிப்ராலெக்ஸ்'. மூன்றுக்கும் உள்ளே இருப்பது எஸ்சிட்டலோப்ராம்தான். அந்தப் பொதுப்பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் மலிவானது கிடைக்கும்.

இன்னொரு விஷயம். இங்கே எஸ்சிட்டலோப்ராமோடு குளோனசெபாம் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருவது சகஜம். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ அந்தக் கூட்டு மாத்திரை கிடைக்காது. தவிர, குளோனசெபாம், அல்பிரசோலம் போன்றவை பல நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். எமிரேட்ஸுக்கும் சிங்கப்பூருக்கும் முன் அனுமதி பெறாமல் எடுத்துப் போனால் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். இவற்றை இங்கிருந்து தபாலில் அனுப்பும் எண்ணமும் வேண்டாம். புறப்படும் முன்பே டாக்டரிடம் சொல்லி, கூட்டு மாத்திரையைப் பிரித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். தானாக நிறுத்த மட்டும் கூடாது.

இவற்றிலும் கவனம்

லித்தியம் சாப்பிடுபவர்கள் வெயில் கொளுத்தும் நாட்டில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். ஐபுபுரூஃபன் வலி மாத்திரையும் அதை ஏற்றும். கை நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து மலிவு என்பதற்காக ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

மேல்நாட்டுக் கடைகளில் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற மூலிகை சீட்டில்லாமல் கிடைக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு அதைச் சேர்த்தால் ஆபத்து. மூலிகைதானே என்று நினைக்க வேண்டாம். நம் அமுக்கராவையே டென்மார்க் 2023-ல் தடை செய்தது. நம் செந்தூரம், பற்பங்களையும் டாக்டரிடம் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

புறப்படும் முன்

* டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: நோயின் பெயர், மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்.

* மாத்திரைகள் கடை அட்டையோடும் சீட்டோடும் கைப்பையில் இருக்கட்டும். டப்பாவில் கொட்ட வேண்டாம்.

* போன முதல் மாதமே அங்கே டாக்டர் சந்திப்பு. பல வாரம் காத்திருக்க நேரலாம்.

* உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால், அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம்.

போனில் பேசும்போது 'சாப்பிட்டியா?' என்று கேட்கிறோம். அதோடு, 'மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கு?' என்றும் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையைப் பற்றிக் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேளுங்கள். காசு இல்லை என்றால் கூச்சமில்லாமல் சொல்ல அவனுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.