'ராப்ச்சரஸ்லி' – எங்கே போடலாம், எங்கே கூடாது?

நம்மில் பலர் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள். எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். ஆங்கில வார்த்தைக்கு அகராதியில் அர்த்தம் பார்த்து மனப்பாடம் பண்ணிவிடுகிறோம். அது எந்த வினைச்சொல்லோடு சேரும் என்று பார்ப்பதில்லை. உதாரணத்துக்கு 'ராப்ச்சரஸ்லி'யை எடுத்துக்கொள்வோம்.

ஆனந்தமும் வியப்பும் பொங்க, தன்னை மறந்து ஒன்றைச் செய்வதுதான் இதன் பொருள். 'பறித்துச் செல்' என்று அர்த்தம் தரும் 'ராபெரே' என்ற லத்தீன் சொல்தான் இதற்கு வேர். மனசை யாரோ பறித்துக்கொண்டு போன மாதிரி! நம்ம 'மெய்மறந்து' கிட்டத்தட்ட இதேதான்.

வரவேற்பது, கைதட்டுவது, பாராட்டுவது இவற்றோடு இது நன்றாகச் சேரும். 1824 மே 7 அன்று வியன்னாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியது. காது கேளாத அவரை, பாடகி கரோலின் உங்கர் சபையின் பக்கம் திருப்பிவிட்ட பிறகே கைதட்டலைக் கண்டார் என்பார்கள். அங்கே 'தி ஆடியன்ஸ் அப்ளாடட் ராப்ச்சரஸ்லி' என்றால் கச்சிதம்.

'தி மோட்டார் ரன்ஸ் ராப்ச்சரஸ்லி' என்று எழுதலாமா? கூடாது. மோட்டாருக்கு ஏது மனசு? வேலை விண்ணப்பத்தில் 'ஐ ராப்ச்சரஸ்லி அப்ளை' என்றால் படிப்பவர் சிரித்துவிடுவார். முன்னால் 'வெரி'யும் வேண்டாம். உச்சம் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, நோட்டில் ஒரு வார்த்தை எழுதினால் அர்த்தத்தோடு அது சேரும் வினைச்சொல்லையும் எழுதி வையுங்கள். நாளைக்கு இன்டர்வியூவில் கைகொடுப்பது அதுதான்!