கரையில் பழகி அலையில் ஏறலாம்

கர்நாடகத்தில் மங்களூருக்கு வடக்கே முல்கி என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே சசிஹித்லு கடற்கரை. சாம்பவி ஆறும் நந்தினி ஆறும் அங்கே கடலில் கலக்கின்றன. காலையில் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். இளைஞர்கள் நீண்ட பலகையின் மேல் நின்றபடி அலையோடு வருவார்கள். இதுதான் அலைச்சறுக்கு. ஆங்கிலத்தில் சர்ஃபிங் என்பார்கள்.

இது ஹவாய்த் தீவு மக்களின் பழைய விளையாட்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இதைச் சேர்த்தார்கள். 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. நம் நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார்.

மழைக்காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். பல நாட்கள் இறங்கவே முடியாது. அந்த நாட்களில் சும்மா இருந்தால் உடம்பு தளர்ந்துவிடும். கரையிலேயே பழக வழி உண்டா? உண்டு. செலவும் அதிகம் இல்லை.

படத்தில் பார்ப்பவர்கள், இதற்குக் கால் பலம் போதும் என்று நினைப்பார்கள். உண்மை வேறு. ஒரு மணி நேரம் கடலில் இருந்தால், பலகை மேல் நிற்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரம் என்ன வேலை? குப்புறப் படுத்துக் கைகளால் துழாவ வேண்டும். அலைக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே முதலில் தோளும் முதுகும் உரம் பெற வேண்டும்.

பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுங்கள். அதை வெட்டி நீளமாக்குங்கள். தூணில் கட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு முன்னால் குனியுங்கள். வலக்கை, இடக்கை என்று மாறி மாறிப் பின்னால் இழுங்கள். பிறகு பாயில் குப்புறப் படுங்கள். தலையையும் மார்பையும் தூக்கி, 20 எண்ணும் வரை இருங்கள். துழாவும்போது உடம்பு இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது எழுந்து நிற்பது. புதியவர்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். ஈர மணலில் பலகை அளவுக்குக் கோடு போடுங்கள். அதில் குப்புறப் படுங்கள். உள்ளங்கைகளை விலா அருகே ஊன்றுங்கள். தண்டால் எடுப்பதுபோல் உடம்பைத் தள்ளுங்கள். அதே வேகத்தில் இரண்டு கால்களையும் அடியில் கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் திரும்பி, முழங்கால் மடித்து நில்லுங்கள். முதலில் முட்டி போட்டு, பிறகு எழும் பழக்கம் வேண்டாம். அது ஒட்டிக்கொண்டால் விடாது. கண் காலைப் பார்க்கக் கூடாது. எதிரே பார்க்க வேண்டும். 10 முறை சரியாகச் செய்தால் போதும். களைத்த பின் செய்வதெல்லாம் தப்பாகவே பதியும்.

எந்தக் கால் முன்னே? நண்பர் ஒருவரைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். தன்னால் முன்னே போகும் காலையே முன்காலாக வைத்துப் பாருங்கள்.

கால்களுக்குப் பஸ்கி எடுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். முழங்கால் வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிலர் வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு, நீருக்குள் மூச்சடக்கிப் பழகுகிறார்கள். இது உயிருக்கு ஆபத்து. நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது. நன்றாக நீந்துபவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டுப் பழகுவது போதும்.

இன்னொன்று. பலகையைக் காலோடு கயிற்றால் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிறு அறுந்தால் பலகை போய்விடும். அப்போது தண்டாலும் பஸ்கியும் உதவாது. நீச்சல்தான் உதவும். தெரிந்தவர் ஒருவர் கரையில் நிற்க, குளத்தில் நிற்காமல் 200 மீட்டர் நீந்திப் பாருங்கள். முடியவில்லையா? பலகையை இப்போது தொட வேண்டாம். முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.