ஆராய்வும் துணிவும்

தொழிலில் ஈடுபடுவோர்க்கு இரு கடமைகள் உண்டு. இடரின் காரணத்தை ஆராய்ந்து தெளிதல் ஒன்று. தெளிந்தபின் காலந் தாழ்த்தாது துணிதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமைக்கு இலண்டனில் 1854 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு செயல் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு சோகோப் பகுதியில் மூண்ட வாந்திபேதிக்கு அறுநூறுக்கு மேற்பட்டோர் இரையாயினர். கெட்ட காற்றே அந்நோயைப் பரப்புகின்றது என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கொள்கை. மருத்துவர் யோன் சினோவோ நீரை ஐயுற்றார். அவர் விசாரித்ததில், புறோட் வீதிப் பம்பிக்கு அண்மையில் இறந்த 73 பேருள் 61 பேர் அதன் நீரைப் பருகியோர் எனத் தெரிந்தது.

தமது கருத்துக்கு மாறாகத் தோன்றியவற்றையும் ஆராய்ந்தமையே சினோவின் சிறப்பு. அயலிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேருள் ஐவரே இறந்தனர். அங்கே தனிக்கிணறு இருந்தது. பியர் ஆலைத் தொழிலாளருள் ஒருவரும் இறந்திலர். அவர்கள் பருகியது பியரேயன்றி அப்பம்பியின் நீரன்று. மாறாகத் தோன்றியவையே அவர் கருத்துக்கு வலிவூட்டின.

செப்டெம்பர் 7 இல் சினோ ஊர் நிருவாகிகளிடம் முறையிட்டார். அவர்கள் முற்றாக நம்பினாரல்லர். எனினும் மறுநாளே பம்பியின் கைப்பிடி அகற்றப்பட்டது. அகற்றிய கைப்பிடியை மீண்டும் பொருத்தலாம்; போன உயிரை மீட்டல் இயலாது. நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்தது என்பதைச் சினோ மறைத்திலர்.

அந்நோய்க்குக் காரணமான கிருமியை றொபேட் கோக் 1884 இல் தெளிவுறக் காட்டினார். முழுமையான அறிவு வாய்க்கும்வரை காத்திருப்பின் முப்பதாண்டு கழிந்திருக்கும். கிடைத்த சான்றை நடுநிலையோடு சீர்தூக்கி, இருபுறத்து இழப்பையும் ஒப்புநோக்கித் துணிவதே செயலறிவாகும்.