மாற்றுத் திறனாளிகளும் ஆட்சிமன்றங்களும்

குடியாட்சியின் உயிர்நிலை, ஆளப்படுவோரே ஆள்வோரைத் தெரிந்தெடுத்தலும், ஆளப்படுவோருள் எவரும் ஆள்வோராதற்கு உரியராதலும் ஆகும். இவ்விரண்டனுள் முன்னையதை மட்டும் பெற்றுப் பின்னையதைப் பெறாதார் பாதிக் குடிமக்களே யாவர். நம் நாட்டில் அத்தகைய நிலையில் இருப்போருள் மாற்றுத் திறனாளிகள் ஒரு பெருந்தொகுதியினர். 2011-ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கின்படி இந்தியாவில் அவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 இலட்சத்திற்கு மேற்பட்டோர். இத்தொகையினர்க்கு ஏற்ற அளவில் நம் சட்டசபைகளிலும் நகரசபைகளிலும் அவர்களைக் காண்கின்றோமா? இல்லை. இதன் காரணத்தையும், இதனைப் போக்கும் வழிகளையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உடற்குறை அரசியற் பணிக்குத் தடையாகும் என்பாருக்கு விடையாக, ஹென்றி பாசெட் என்னும் ஆங்கிலப் பெரியாரின் வரலாறு ஒன்றே அமையும். இவர் 1833-இல் பிறந்தவர். 1858-இல், தமது இருபத்தைந்தாம் வயதில், தந்தையாருடன் வேட்டைக்குச் சென்றவிடத்துத் தந்தையார் துப்பாக்கியிலிருந்து தவறி வந்த குண்டுகள் பட்டு இரு கண்களையும் இழந்தார். எனினும் மேற்கொண்ட நோக்கத்தினின்றும் அவர் பிறழவில்லை. 1863-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பொருளியற் பேராசிரியரானார். 1865-இல் பிரைட்டன் நகரினின்றும் காமன்ஸ் சபைக்குத் தெரிந்தெடுக்கப் பெற்றார். 1880 முதல் 1884-இல் இறக்கும் வரையில் தபால் இலாகாவின் தலைமை அமைச்சராக இருந்தார். 1883-இல் இங்கிலாந்தில் பார்சல் தபால் ஏற்பட்டது இவர் காலத்தில்தான்.

இவர் வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது வேறொன்றுண்டு. பாசெட் சபையிற் பேசியது பார்வையற்றோரைப் பற்றி மட்டுமன்று. 1867-இல் துருக்கிச் சுல்தானுக்கு இலண்டனில் நடத்திய விருந்தாட்டின் செலவை இந்திய மக்களின் வரிப்பணத்தில் ஏற்றியபோது, அதனை அநீதியென்று கடிந்து பேசியவர் இவர். கடல் கடந்த ஏழைகளின் வரிச்சுமையை ஆண்டுதோறும் எடுத்தோதியமையால் 'இந்தியாவின் பிரதிநிதி' என்னும் பெயர் இவர்க்கு வழங்கலாயிற்று. 1874-இல் இவர் பிரைட்டனில் தோல்வியுற்றபோது, அடுத்த தேர்தற் செலவிற்கென இந்திய மக்கள் பொருள் திரட்டி அனுப்பினர். மாற்றுத் திறனாளி ஒருவர் அவையில் அமர்வது தம்மினத்தார் குறைகளைச் சொல்லுதற்கு மட்டுமே என்று கருதுவோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். அவர் தம் நிலையை நன்கறிந்து சொல்லவல்லார் என்பது மெய்யே. ஆயினும், வரியும் வாணிகமும் நீரும் நிலமும் அவர்க்கும் உரிய பொருள்களே.

நம் நாட்டிலும் சான்று இல்லாமற் போகவில்லை. வங்காளத்து வழக்கறிஞர் சாதன் குப்தா குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்தவர். 1953-இல் கல்கத்தாவில் நடந்த இடைத்தேர்தலில் வென்று, நம் நாடாளுமன்றத்தில் அமர்ந்த பார்வையற்ற முதல் உறுப்பினரானார். பிற்காலத்தில் மேற்கு வங்காளத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் விளங்கினார்.

ஆயின், இத்தகைய பெரியோரைச் சுட்டிக்காட்டி, திறமையுடையார் எவ்வாறேனும் முன்னுக்கு வருவர் என்று கூறி நாம் அமைந்துவிடலாகாது. பாசெட்டுக்கு வசதி வாய்ந்த குடும்பமும், உயர்ந்த கல்வியும், நூல்களையும் கடிதங்களையும் படித்துக் காட்ட அறிவிற் சிறந்த மனைவியாரும் இருந்தனர். இவையொன்றும் வாய்க்கப்பெறாமையால் நாம் இழந்த பாசெட்டுகள் எத்துணையரோ, யார் அறிவார்!

தடைகள் எவை? முதலாவது, சட்டமே சில இடங்களில் தடையாக நின்றது. ஒரிசாவின் 1950-ஆம் ஆண்டு நகரசபைச் சட்டம், தொழுநோயுடையார் உறுப்பினராதற்குத் தகுதியற்றவர் என விதித்தது. தேர்தலில் வென்ற ஒருவர் இவ்விதியாற் பதவியிழந்து வழக்காடினார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எனினும், சட்டமியற்றுவோர் அதனை மீளவும் ஆராய்தல் தகும் எனவும் கூறிற்று. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் அந்நோய் முற்றுங் குணமாகத் தக்கது. நோய் நீங்கிய பின்னும் சட்டத்தின் அச்சம் நீங்காதிருந்தமை வருந்தத்தக்கது.

இரண்டாவது தடை செலவு. காது கேளாதார் ஒருவர் வீடுதோறும் சென்று வாக்குக் கேட்க வேண்டின், சைகைமொழி அறிந்தவர் ஒருவர் உடன்வரல் வேண்டும். நடக்கவியலாதார்க்கு ஏற்ற வண்டி வேண்டும். மற்ற வேட்பாளர்க்கு இல்லாத இச்செலவை இவர் மட்டும் ஏற்கின்றார். மூன்றாவது, படிக்கட்டன்றிச் சாய்தளம் இல்லாத மேடைகளும் மன்றங்களும். நான்காவது, இவர் வெல்லார் என முன்னரே முடிவுகட்டி, வேட்பாளராக நிறுத்தாது விடும் கட்சிகளின் மனப்பான்மை. இந்நான்கனுள் ஒன்றேனும் அவர்தம் உடலைச் சார்ந்ததன்று. அனைத்தும் நம் ஏற்பாடுகளைச் சார்ந்தனவே.

பிற நாடுகள் கையாண்ட வழிகள் சில உள. ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாடு, 1995-இல் இயற்றிய தன் அரசியற் சட்டத்தின் வழியே, நாடாளுமன்றத்தில் மாற்றுத் திறனாளிகட்குத் தனியிடம் அளித்தது. அவ்விடங்கள் 5, அவற்றுள் ஒன்றேனும் பெண்ணுக்குரியது. உறுப்பினரை மாற்றுத் திறனாளிகளின் வாக்காளர் குழுவே தெரிந்தெடுக்கின்றது. ஊர்ச்சபை, மாவட்டச் சபைகளிலும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவர்க்கு இடமுண்டு. இங்கிலாந்தோ தனியிடம் அளியாது, மேற்கூறிய மிகைச் செலவை ஈடுசெய்தற்கு 2012 முதல் 2015 வரை ஒரு நிதியை நடத்திற்று. முன்னது இடத்தை உறுதி செய்கின்றது. பின்னது போட்டியைச் சமனாக்க முயன்றது.

நம் நாட்டில், 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வாக்குச் சாவடிகள் அனைத்தும் அவர்கள் எளிதில் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என விதித்தது. அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு 4-க்குக் குறையாத இடங்களையும் ஒதுக்கிற்று. 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் குறைபாடுடையார் வீட்டிலிருந்தே வாக்களிக்கவும் வசதி செய்யப்பெற்றது. இவையெல்லாம் வாக்களிக்கும் வாயிலைத் திறந்தன. வாக்குப் பெறும் வாயிலைத் திறந்தில. இந்நிலையில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களிலும் பஞ்சாயத்துக்களிலும் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினராக நியமித்தற்கு 2025 ஏப்ரலில் சட்டம் செய்தது போற்றற்குரியது.

எனினும், நியமனம் முதற்படியேயன்றி முடிவன்று. நியமனம் பெற்றவர் தம்மை நியமித்தாரை நோக்கி நிற்க நேரும். தெரிந்தெடுக்கப் பெற்றவரோ மக்களையே நோக்கி நிற்பர். அவையில் அமர்ந்து பழகியவர் நாளை தேர்தலில் நின்று வெல்வதற்கு இந்நியமனம் பயிற்சிக் களமாகுமாயின் அதன் பயன் பெரிது. அவ்வாறின்றி, இடம் கொடுத்துவிட்டோம், கடமை தீர்ந்தது எனக் கட்சிகள் கருதுமாயின் அது வெறும் அணியாகவே முடியும்.

இனி, மாணவராகிய நாம் செய்யத்தக்கது யாது? பொதுவாழ்வின் முதற்பயிற்சி கல்லூரியிலேயே தொடங்குகின்றது. நம் சொற்போர்க் கழகங்களின் மேடையில் சக்கர நாற்காலி ஏறவியலுமா? சங்கத் தேர்தல்களில் பார்வையற்ற தோழர் ஒருவரைச் செயலாளராக நிறுத்த நாம் முன்வருகின்றோமா, அன்றி அவர்க்கு இரக்கம் காட்டுவதோடு அமைகின்றோமா? இரங்குதல் எளிது, ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் தலைமையின்கீழ்ப் பணிபுரிதலே அவரைச் சமமாக மதித்தற்கு அடையாளம். இன்று நம் கழகங்களில் நாம் பழகும் பழக்கமே நாளை நாட்டின் மன்றங்களில் நிலைபெறும்.