ராத்திரி ஷிப்ட் தொப்பை குறையுமா? தறிக்காரர்களுக்கு யோகாவும் ஆயுர்வேதமும் சொல்லும் வழி

சென்னிமலை:

பெட்ஷீட்டுக்குப் பேர்போன சென்னிமலை வட்டாரத்தில் விடிய விடிய தறிச் சத்தம் கேட்கும். ராத்திரி 12 மணிக்கு ஒரு டீ, 3 மணிக்கு ஒரு டீயும் பன்னும். காலையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இட்லி, பழைய குழம்பு என்று ஒரு பிடி பிடித்துவிட்டு அப்படியே படுக்கை. "ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்கறோம், அப்புறமும் தொப்பை எப்படிங்க வருது?" என்று கேட்காத தறிக்காரர் குறைவு.

தொப்பை பணக்கார வியாதி என்ற காலம் போய்விட்டது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேருக்கும், 100 ஆண்களில் 37 பேருக்கும் எடை அதிகம்.

பகல் தூக்கம்தான் வில்லனா?

உடம்பு பெருக்கக் காரணம் என்ன என்று ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை ஒரு பட்டியலே போடுகிறது. இனிப்பு, எண்ணெய்ப் பண்டம், அளவுக்கு மீறிய சாப்பாடு, உடற்பயிற்சி இல்லாமை, பகல் தூக்கம் எல்லாம் அதில் உண்டு. அப்பன் ஆத்தா வழியில் வருவதையும் விடவில்லை.

பகல்ல தூங்கக் கூடாதுன்னா ராத்திரி ஷிப்ட்காரன் எப்பத்தான் தூங்குவான்? இதற்கும் பதில் இருக்கிறது. ராத்திரி கண் விழித்தவர் பகலில் தூங்கலாம் என்று சரகரே விலக்கு கொடுக்கிறார். வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் இன்னும் தெளிவு. விழித்திருந்த நேரத்தில் பாதியைக் காலையில் தூங்கு, ஆனால் சாப்பிடாமல் தூங்கு என்கிறது. நம்மாட்கள் செய்வது இதற்கு நேர் தலைகீழ்!

பாதி நேரம் என்பதை அப்படியே பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் குறைத்துவிடாதீர்கள். 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், எடையும் கூடும் என்று இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள். வந்ததும் வயிறு முட்டச் சாப்பிடாமல், மோரோ கொஞ்சம் கஞ்சியோ குடித்துவிட்டுப் படுங்க. எழுந்த பிறகு நல்லா சாப்பிடுங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது.

கொழுத்தவனுக்கு கொள்ளு

குண்டானவர்களுக்கு ஏற்ற தானியம் என்று சரகர் சொல்லும் வரிசையில் கொள்ளு, பச்சைப்பயறு, வரகு, சாமை எல்லாம் வருகிறது. அட, நம்ம கொங்கு நாட்டு மானாவாரிச் சாப்பாடு! 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். வயிறு சீக்கிரம் நிறையும், பசி தாங்கும். கொள்ளுத் தண்ணி குடித்தால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. கொள்ளுப் பருப்பைக் கூட்டி, சோற்றைக் குறைத்தால்தான் பலன். சோறு அதே மலையாட்டம் இருந்தால் கொள்ளு பாவம் என்ன செய்யும்? நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் அளவாகச் சேர்க்கலாம்.

தறிக்காரர் கொடுத்த யோகா

ஆழியாறு அறிவுத் திருக்கோயிலை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி, 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே தறியில் உட்கார்ந்தவர். ஆயுர்வேதம், சித்தா, ஓமியோபதியும் படித்தவர். 2006-ல் மறைந்தார். உடம்பு வளையாதவர்களும் செய்யும்படி அவர் அமைத்ததுதான் எளியமுறை உடற்பயிற்சி. கை, கால் பயிற்சியில் ஆரம்பித்து மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என மொத்தம் 9. மனவளக்கலை மன்றங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இது மட்டும் செய்தால் 10 கிலோ இறங்குமா? இறங்காது. ஆசனத்தில் எரியும் கலோரி குறைவு. ஆனால் மனசு அடங்கும், தூக்கம் வரும், கண்டதைத் தின்னும் ஆசை குறையும். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபதியை விட்டுவிட வேண்டும்.

கலோரி எரிய வேண்டுமென்றால் முருகன் இருக்கிறார். மலைக்கு 1,320 படி. ஒருதரம் ஏறி இறங்கினால், உடம்பைப் பொறுத்து சுமார் 200 கலோரி போகும். கீழே வந்து ஒரு இனிப்பு டீயும் போண்டாவும் சாப்பிட்டால் போனது திரும்பி வந்துவிடும்! கனத்த உடம்புக்காரர்கள் முதல் நாளே உச்சிக்குப் போக வேண்டாம். பாதி தூரம் போதும். இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி.

பவுடர் உஷார்

"30 நாளில் 10 கிலோ, சைடு எபெக்ட் இல்லை" என்று செல்போனில் வரும் விளம்பரத்தை நம்பி ஒரு வாரக் கூலியைக் கொட்டுகிறவர்கள் உண்டு. உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. திரிபலா சூரணம் சாப்பிட ஆசைப்பட்டாலும் அரசு ஆஸ்பத்திரி சித்தா, ஆயுர்வேத டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்க.

தறிக்குடோனில் இஞ்ச் டேப் இல்லாமலா இருக்கும்? தொப்புளுக்குச் சற்று மேலே, இறுக்காமல் சுற்றிப் பாருங்க. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரையும் பிரஷரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டியதுதான். சாப்பாடு கூடாமலே சட்டென்று எடை ஏறியிருக்கும் பெண்கள் தைராய்டு டெஸ்டும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.